விந்துப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கும் முறை

அவைக்கு வணக்கம். ஆடிப்பூரத் திருவிழாவில் நெல்லையப்பர் கோயிலில் காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு நடப்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளை வரம் வேண்டி அன்று சந்நிதியில் நிற்கும் கூட்டம் பெரும்பாலும் பெண்கள் கூட்டம்தான். வேண்டுதலை நான் குறை சொல்ல வரவில்லை. அதே வழக்கம் ஆய்வகத்திலும் தொடர்வதுதான் என் வருத்தம். மனைவிக்கு ஸ்கேன் எடுத்து, கருக்குழாய் அடைப்புக்கு எக்ஸ்ரே பார்த்து, சில வீடுகளில் வயிற்றில் சிறு துளையிட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி வரை போன பிறகுதான், கணவரின் விந்தை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வருகிறது. குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. அதை அறியும் முதல் சோதனைக்கு ஊசிகூடத் தேவையில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒருவர், வேறோர் இடத்தில் எடுத்த அறிக்கையோடு என்னிடம் வந்தார். ஒரு மில்லிக்கு 60 லட்சம் விந்தணு, அசைபவை 10 சதவீதம் என்று இருந்தது. மாதிரியை எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். வீட்டில் எடுத்து, இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி அதில் அடைத்து, பஸ்ஸில் பாளையங்கோட்டை வந்து, ஆய்வகம் திறக்கும்வரை வாசலில் காத்திருந்திருக்கிறார். "மொதல்ல வந்தது கொஞ்சம் சிந்திட்டு சார், அதனால ஒண்ணும் இல்லல்லா?" என்று தயக்கத்தோடு கேட்டார்.

அதனால் நிறைய உண்டு. விந்தணுக்களில் பெரும்பகுதி முதலில் வெளிப்படும் துளிகளில்தான் வருகிறது. பின்னால் வருவது பெரிதும் விந்துப்பை சுரக்கும் நீர். பாட்டிலில் ஒட்டியிருந்த மருந்தும் சோப்பும் அணுக்களைக் கொன்றிருக்கலாம். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சோதனை தொடங்கியாக வேண்டும். அவர் வாசலில் நின்றபோதே அந்த நேரம் கடந்துவிட்டது. கடைசி உறவுக்குப் பின் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும் என்பதையும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மூன்று நாள் இடைவெளி விட்டு, ஆய்வகத்தை ஒட்டிய அறையிலேயே வாய் அகன்ற சுத்தமான டப்பாவில் எடுத்தபோது, ஒரு மில்லிக்கு 2 கோடியே 80 லட்சம் இருந்தது. பாதிக்கு மேல் அசைந்தன. ஆள் அவரேதான்.

அறிக்கையில் உள்ள எல்லைக் கோடுகளுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி அளவு 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு விந்தணு 1 கோடியே 60 லட்சம், மொத்தம் 3 கோடியே 90 லட்சம், அசைபவை 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சீரான வடிவம் கொண்டவை 4 சதவீதம். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் விந்தைச் சோதித்து, அவர்களில் 100க்கு 5 பேர் எந்த அளவுக்குக் கீழே இருந்தார்களோ அந்த அளவைக் கோடாகப் போட்டிருக்கிறார்கள். ஆக, கோட்டுக்குக் கீழே இருந்தவர்களும் தகப்பன்மாரே. கோட்டுக்கு மேலே இருப்பது உத்தரவாதமும் ஆகாது. பரீட்சையில் 35 மார்க் வாங்குவதுபோல இதைப் படிக்கிறவர்களால்தான் குழப்பம் வருகிறது. சீரான வடிவம் 5 சதவீதம் என்று பார்த்துவிட்டு, மீதி 95 சதவீதமும் ஊனம், பிறக்கும் பிள்ளையும் அப்படியே இருக்கும் என்று அழுத ஒரு தாயை நான் கண்டிருக்கிறேன். வடிவக்குறை உள்ள விந்தணு என்றால் குறையுள்ள குழந்தை என்று பொருளே கிடையாது.

விந்து கெட்டியாக இருந்தால் சக்தி அதிகம் என்ற நம்பிக்கையும் இங்கே பலமாக இருக்கிறது. விந்தில் அணுக்களின் பங்கு மிகச் சிறியது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவருக்குக்கூட நீரின் அளவில் வேறுபாடு தெரிவதில்லை. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத ஒருவரின் விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம். அப்படித் தெரிந்தால், மாதிரியைச் சுழற்றி அடியில் தங்குவதைத் தேடிப் பார்த்த பிறகே "இல்லை" என்று எழுத வேண்டும். மறுமுறையும் பார்க்க வேண்டும். பிறகு, அடைப்பா, உற்பத்தியே குறைவா என்பதை விரையின் அளவும், விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் பிரித்துக் காட்டும்.

ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. ஆதலால் போன மாதம் வந்த டெங்குக் காய்ச்சல் இந்த மாத அறிக்கையில் தெரியக்கூடும். பீடிப் பழக்கம், செங்கல் சூளை வேலை, இடப்பக்க விரையில் ரத்தநாளம் சுருண்டு புடைத்திருத்தல் எல்லாவற்றையும் நான் கேட்டு எழுதுவது அதனால்தான். உடம்பு ஏற வேண்டும் என்று இளைஞர்கள் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தனியாகக் கேட்கிறேன், ஏனென்றால் அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். குறைவான ஒரே அறிக்கையை வைத்து எவரையும் முடிவு கட்டுவதில்லை. உரிய இடைவெளியில் மறுபடி பார்க்கிறோம்.

வளைகுடா நாடுகளிலிருந்து விடுப்பில் வரும் தம்பிமார் பலர், விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால் வந்து சோதனை கேட்கிறார்கள். ஊருக்கு வந்து இறங்கிய முதல் வாரத்தில் வாருங்கள். இரண்டாவது மாதிரிக்கும் நாள் இருக்கும். மாதிரி கொடுக்கத் தனியாக வந்தால் போதும், உங்கள் மனைவி இந்தப் படியை ஏற்கெனவே பலமுறை ஏறிவிட்டார்.