புளோக்கின் கீழே ஒரு குவில்ட் மேசை

வணக்கம் மக்களே. இன்று வீட்டுக்குள் இல்லை, எங்கள் புளோக்கின், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின், கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசுகிறேன், அதனால் நடுநடுவே மின்தூக்கிக் கதவுச் சத்தமும் மைனாக்கள் போடும் சண்டையும் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதோ இந்தக் கல்மேசை தெரிகிறதா, சதுரங்கக் கட்டம் போட்டது? துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கிற போர்வைதான் குவில்ட், எங்கள் குவில்ட் குழு கூடுவது இங்கேதான். உங்கள் புளோக்கிலும் இப்படி ஒன்றை யாராவது ஆரம்பிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இந்தக் காணொளி.

சிங்கப்பூருக்கு வெளியே இருந்து பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய அடுக்குமாடிகள் பலவற்றில் தரைத்தளத்தில் வீடு இருக்காது, தூண்கள் மட்டும் நிற்க மற்றதைத் திறந்த இடமாக விட்டிருப்பார்கள். மலாய்க்காரர் கல்யாணம் இங்கேதான் நடக்கும், சீனர் வீட்டுத் துக்கமும் இங்கேதான், தாத்தாக்கள் செஸ் ஆடுவதும் இங்கேதான். 1989 முதல் வீடு வாங்கும்போது இன விகிதமும் பார்க்கிறார்கள், ஆகவே எந்தப் பேட்டைக்குப் போனாலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும் கலந்துதான் குடியிருப்போம். ஆனாலும் பல வருடம் ஒரே மாடியில் இருந்துகொண்டு, மின்தூக்கியில் ஒரு தலையாட்டலோடு முடித்துக்கொள்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். எனக்கு அது வருத்தமாகவே இருந்தது.

தையல் வகுப்புதான் சமூக மன்றத்தில் நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. ஆனால் அங்கே பெயர் பதிய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், முதல் வகுப்பை விட்டுவிட்டால் இரண்டாவதற்குப் போகக் கூச்சமாக இருக்கும். இங்கே அப்படி இல்லை. சந்தையிலிருந்து பையோடு வருகிற ஓர் ஆன்ட்டி நின்று பார்ப்பார், என்ன தைக்கிறீர்கள் என்று கேட்பார், பையைக் காலடியில் வைத்துவிட்டு உட்காருவார், ஒரு துண்டு தைத்ததும் மீன் கெட்டுவிடும் என்று எழுந்து ஓடுவார். அடுத்த வாரம் மூக்குக் கண்ணாடியோடு வருவார். கதவை மூடிய அறையில் நடத்தினால் இந்த ஆன்ட்டி நமக்குக் கிடைக்கவே மாட்டார். அதனால்தான் எல்லாரிடமும் சொல்கிறேன், வழியில் போகிறவர் உட்காரக்கூடிய இடமாகப் பாருங்கள், உட்கார்ந்தவர் எழுந்திருப்பதற்குள் முடித்துவிடக்கூடிய வேலையாகக் கொடுங்கள்.

எங்கள் மேசையில் அந்த வேலை அறுகோணம். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன், பாருங்கள். இது கடிதப் பெட்டியில் வந்து விழுந்த விளம்பரத் தாள், சற்றுக் கனமானதாக இருப்பது நல்லது, அதில் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் வருகிற மாதிரி ஓர் அறுகோணம் வெட்டியிருக்கிறேன். துணியைச் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக வெட்ட வேண்டும். துணியின் நடுவில் தாளை வைத்து, ஓரத்தை ஒவ்வொரு பக்கமாக மடித்து, மடிப்பும் மடிப்பும் சேர்கிற மூலையில் ஊசியை ஒரு தடவை ஏற்றி இறக்கி அடுத்த பக்கத்துக்குப் போகிறேன். தாளில் தைக்கத் தேவையில்லை, துணி மடிப்பை மட்டும் பிடித்தால் போதும். ஆறாவது மூலையும் முடிந்துவிட்டது. திருப்பினால் முனை எப்படிக் கூர்மையாக நிற்கிறது பாருங்கள், தாள் உள்ளே இருப்பதால்தான் இந்த நேர்த்தி. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, ஆக ஏழு சேர்ந்தால் ஒரு பூ. இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், இதுவரை ஊசியையே கையில் எடுக்காதவர்கூட அரை மணி நேரத்துக்குள் ஒன்றை முடித்துவிடுவார்.

இதே அறுகோணத்தை இதே ஊரில் சின்னப் பிள்ளைகள் தைத்திருக்கிறார்கள் என்பது தெரியுமா? 1942இல் ஜப்பானியர்கள் சிங்கப்பூரைப் பிடித்ததும் ஐரோப்பியப் பெண்களையும் பிள்ளைகளையும் சாங்கி சிறையில் அடைத்தார்கள். அங்கே எலிசபெத் என்னிஸ் என்பவர் சிறுமிகளைச் சேர்த்துச் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். அந்தப் பிள்ளைகள் கிடைத்த கந்தல் துணியையெல்லாம் அறுகோணமாக வெட்டி, அவருக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு குவில்ட்டை ரகசியமாகத் தைக்க ஆரம்பித்தார்கள். லண்டனில் இருக்கிற இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது.

பெரியவர்கள் தைத்தது வேறு. எத்தல் மல்வேனி என்ற கனடாக்காரரின் யோசனை அது. ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு சதுரத் துணியைக் கொடுத்து, தன்னைப் பற்றி ஏதாவது அதில் பின்னச் சொன்னார்கள், பெயரையும் பின்னச் சொன்னார்கள். 66 சதுரம் சேர்த்து ஒரு குவில்ட், அப்படி மூன்று: பிரிட்டிஷார் பெயரில் ஒன்று, ஆஸ்திரேலியர் பெயரில் ஒன்று, ஜப்பானியர் பெயரில் ஒன்று. அடிபட்ட வீரர்களுக்காக என்று சொல்லி, போர்க்கைதி ஆண்கள் இருந்த முகாமின் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கணவன் எங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத பெண்கள், நான் இருக்கிறேன் என்று சொல்ல அவர்களுக்கு இருந்த வழி அந்தச் சதுரத் துணிதான். அந்தக் குவில்ட்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, துணிக்கு வருவோம். வாங்காதீர்கள், வீட்டில் கேளுங்கள். பழைய நூல் சேலை, கைலி, பாத்திக் என்கிற மெழுகுச் சாயத் துணியில் தைத்த சட்டை, பள்ளிச் சீருடை எல்லாமே வரும். எங்கள் மாடியில் இருக்கிற மக்சிக், அதாவது மலாய் ஆன்ட்டி, ஒருவர் தன் மகள் சின்ன வயதில் போட்ட பாஜு கூரோங் என்கிற மலாய் உடையைக் கொண்டுவந்து கொடுத்தார், அதில் எந்த இடத்தை வெட்டலாம் என்று நாங்கள் எல்லாரும் கூடிப் பேசியதே ஒரு காலைப்பொழுது. பருத்தி மட்டும் எடுங்கள். இழுத்தால் நீளுகிற துணியும் வழுக்குகிற பாலியஸ்டரும் பருத்தியோடு சேர்ந்து மடங்காது, புதிதாக வந்தவர் தனக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். பாத்திக்கைத் தனியாக ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதோடு சேருங்கள். நூல், ஊசிக்கு பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் போகலாம், அரபு ஸ்திரீட் பக்கமும் கிடைக்கும். குவில்ட்டின் மேல் துணிக்கும் பின்பக்கத் துணிக்கும் நடுவில் தடிமனான பஞ்சு விரிப்பு வேண்டாம், இந்தப் புழுக்கத்துக்கு யாரும் போர்த்தமாட்டார்கள். பழைய சேலையையே மடித்து நடுவில் கொடுத்துவிடலாம். வங்காளத்தில் காந்தா தைப்பதும் பழைய சேலையை அடுக்கித்தான், நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு விரிப்பு தைத்ததும் அப்படித்தானே.

அப்புறம் இடம். ஏற்கெனவே இருக்கிற கல்மேசையில் நாலைந்து பேர் உட்கார்ந்து தைப்பதில் பிரச்சினை இல்லை. மேசை, நாற்காலி போட்டு, கயிறு கட்டி, இடத்தைப் பிடித்து ஏதாவது நடத்துவதென்றால் உங்கள் நகர மன்றத்தில் அனுமதி கேட்டுத்தான் ஆகவேண்டும். உங்கள் வட்டாரத்தின் வசிப்போர் அமைப்பில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் மழைச்சாரல் அடிக்கிற நாளில் அவர்கள் அறையை வாங்கிக்கொள்ளலாம். கீழே துக்க வீடு போட்டிருந்தால் அன்று தையலே வேண்டாம், நாங்கள் போய் வணங்கிவிட்டு வந்துவிடுவோம். சில நேரம் அந்த வீட்டு மனிதர்களை முதன்முதலாகப் பார்ப்பதே அன்றுதான் என்பது மனதை உறுத்தும்.

காலை நேரம்தான் சரி, சாயங்காலக் குழல்விளக்கில் கறுப்புத் துணியில் தையல் தெரியாது. எழுந்திருக்கும் முன் ஊசிகளை எண்ணியே ஆகவேண்டும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற தரை இது, கொடுத்த ஊசி எத்தனையோ அத்தனையும் திரும்ப வந்தால்தான் பெட்டியை மூடுவோம், ஒன்று குறைந்தாலும் காந்தத்தை வைத்துத் தரை முழுக்கத் தேடுவோம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இன்னொரு விஷயம், முடிந்த குவில்ட் யாருக்கு என்பதை ஆரம்பிக்கும்போதே பேசிவிடுங்கள். பத்துப் பேர் உழைத்தது யார் வீட்டு அலமாரிக்குப் போகிறது என்று கடைசியில் பேசினால் சங்கடம் வரும். எங்களுடைய முதல் குவில்ட் அடுத்த புளோக்கில் இருக்கிற முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு, அதில் எல்லாருக்கும் சம்மதம். பின்பக்கத் துணியில் தைத்தவர் எல்லாருடைய பெயரும் அவரவர் எழுதுகிற எழுத்திலேயே வரப் போகிறது. மீன் வாங்கிய அந்த ஆன்ட்டி தன் பெயரைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார், மூன்று எழுத்து, நூல் மட்டும் சிவப்பாக இருக்க வேண்டுமாம்.

அறுகோணங்களை ஒன்றோடொன்று சேர்ப்பதையும் தாளை எப்போது உருவுவது என்பதையும் அடுத்த காணொளியில் காட்டுகிறேன். அதற்குள் நீங்கள் ஏழு தாள் வெட்டி, ஏழு துண்டு தைத்துத் தயாராக வைத்திருங்கள், உங்கள் மாடியில் இருக்கிற யாராவது ஒருவரிடம் பழைய துணி கேட்டுப் பாருங்கள்.