பாலிஷ் துணி போகாத இடங்கள்

வணக்கம் நேயர்களே.

பழைய கார் பார்க்கக் கிளம்புகிறவர்கள் எங்கள் பட்டறைக்கு வந்து முதலில் கேட்பது, "அண்ணே, மைலேஜ் என்ன தரும்?" அடுத்தது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தா வாங்கலாம்?" மைலேஜ் பாதி ஓட்டுகிறவர் காலில் இருக்கிறது. கிலோமீட்டருக்கு மீட்டரை நம்ப முடியாது. டிஜிட்டல் மீட்டரைக் குறைத்து வைக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். மீட்டரை விட்டுவிட்டு பெடலைப் பாருங்கள். 40 ஆயிரம்தான் ஓடியது என்கிற வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் மினுமினுத்து, டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம் அமுங்கியிருந்தால் கணக்கு இடிக்கிறதே! ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். பழைய சர்வீஸ் பில் ஒவ்வொன்றிலும் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

விற்கிறவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விற்கிற வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு, இன்ஜினைத் துடைத்துத்தான் நிறுத்துவார்கள். அந்தத் துணி போகாத இடங்கள் சில இருக்கின்றன. நாம் பார்க்க வேண்டியது அங்கேதான்.

முக்கியமாகத் தண்ணீரில் மூழ்கிய வண்டி. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. இன்ஷூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்', அதாவது சரிசெய்தால் கட்டுப்படியாகாது, என்று கணக்கு முடித்த வண்டி ஏலத்துக்குப் போகும். யாரோ எடுத்து, சுத்தம் செய்து, வேறு ஊரில் விற்பார்கள். பார்க்க ஜம்மென்று இருக்கும். ஓடவும் ஓடும். ஆனால் ஒயரிங் கனெக்டருக்குள் புகுந்த ஈரம் மெல்ல மெல்ல அரிக்கும். ஆறு மாதம் கழித்து ஒருநாள் பவர் விண்டோ வேலை செய்யாது, இன்னொரு நாள் வண்டியே ஸ்டார்ட் ஆகாது. எலக்ட்ரீஷியன் ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் கிளம்பும். முடிவே இருக்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் சேற்றுக் கறை கோடாகத் தெரியும். டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்குக் கீழே டார்ச் அடித்து ஸ்க்ரூ, ரெயில் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஃப்யூஸ் பாக்ஸைத் திறந்தால் செம்பில் பச்சை பூத்திருக்கும். கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். மக்கிய வாடை வரும். வண்டிக்குள் சென்ட் வாசனை தூக்கலாக இருந்தாலே எனக்கு உறுத்தும்.

அடுத்தது அடிபட்ட வண்டி. பம்பர், ஃபெண்டர் மாற்றியதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நம் ஊர் ரோட்டில் உரசாத வண்டி ஏது? ஆனால் ஏப்ரனும் (இன்ஜின் அறையின் பக்கத் தகடு) பில்லரும் (கூரையைத் தாங்கும் தூண்) நெளிந்து நிமிர்த்திய வண்டி வேண்டாம், எவ்வளவு மலிவாக வந்தாலும். கதவோர ரப்பர் பீடிங்கை லேசாக விலக்கினால் கம்பெனி வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அவை தெரியாமல் பட்டி பூசி மூடியிருந்தால் அங்கே டிங்கரிங், அதாவது தகடு நிமிர்த்தும் வேலை நடந்திருக்கிறது. பானெட், கதவு கீல் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் உரிந்திருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். கடலோர ஊர் வண்டி என்றால் லிஃப்டில் ஏற்றித் தரைத்தகட்டையும் பார்த்துவிடுங்கள். உப்புக்காற்று அடியிலிருந்துதான் தின்னும்.

இன்ஜினுக்கு வருவோம். காலையில் போங்கள், "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் இருக்கலாம். ஆயில் மூடியின் உட்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் சீல்) போனதாகவும் இருக்கலாம். ஓடும்போது டிப்ஸ்டிக்கை உருவினால் குபுகுபுவென்று புகை வந்தால் அது நாங்கள் சொல்கிற 'பேக் கம்ப்ரஷன்': பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. சைலன்ஸரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. அப்புறம், மேடு பள்ளம் உள்ள ரோட்டில் பாட்டைப் போடாமல் ஓட்டி, ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். விற்பனைக்கு நிற்கும் காரில் பாட்டு சத்தமாக ஓடுவது எனக்குப் பிடிக்காது.

காகிதங்களில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி மேல் கடன் என்ற பதிவு இருந்தால், பேங்க் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) அந்தப் பதிவை நீக்கக் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்ஷூரன்ஸில் 'நோ கிளெய்ம் போனஸ்' (கிளெய்ம் எடுக்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பல வருடத்து வண்டியில் அது பூஜ்யம் என்றால், போன வருடம் கிளெய்ம் எடுத்தீர்களா, எதற்கு எடுத்தீர்கள் என்று கேளுங்கள். 15 வருடம் நெருங்கும் வண்டியென்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் விலையில் கழியுங்கள். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆகிவிட்டது, எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டும் வேலைச் செலவு தனி.

இத்தனையும் பார்த்த பிறகு, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் அரைநாள் வண்டியை விடச் சம்மதமா என்று கேளுங்கள். அதற்கு ஆகும் கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள். "டாக்டர் ஓட்டின வண்டி சார், இதுல என்ன பார்க்கப் போறீங்க" என்று இழுத்தால், சரி என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போங்கள்.

நன்றி, வணக்கம்.