லண்டன் ஏழு மணித்தியாலமா, பதினொன்றா?

[திரையில்: ஒரு விமான டிக்கெட். ஒரு விரல் நேரங்களைத் தொட்டுக் காட்டுகிறது.]

வணக்கம். போன ஆடியில் என் தங்கச்சி கொழும்பிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டாள். வெள்ளவத்தை வீட்டில் அம்மம்மா டிக்கெட்டைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். பகல் 1 மணிக்கு ஏறுகிறாள், இரவு 7.45க்கு இறங்குகிறாள். ஏழு மணித்தியாலம்கூட இல்லை! இரவு 9 மணியாகியும் போன் வரவில்லை. சாமியறையில் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தவர், சாப்பாட்டைத் தொடவே இல்லை. தங்கச்சிக்கோ இன்னும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பறக்க இருந்தது.

டிக்கெட்டில் ஏறும் நேரம் கொழும்பு மணிக்கூட்டின்படி, இறங்கும் நேரம் லண்டன் மணிக்கூட்டின்படி. கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே மணிக்கூட்டைத் திருப்பி வைப்பார்கள், மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை. நாம் மாற்றுவதில்லை. ஆறே முக்காலோடு நாலரையைக் கூட்டுங்கள்: பதினொன்றேகால். அதுதான் உண்மையான பயணம்.

[திரையில்: பூகோள உருண்டை, சிவப்புத் தையல் நூல்.]

சரி, ஏன் அவ்வளவு நேரம்? கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் நூலின் ஒரு முனையை அழுத்திப் பிடித்து, மறு முனையை லண்டன் வரை இறுக்கி இழுத்தேன். நூல் தென்னிந்தியா, அரபிக்கடல், ஈரான், கருங்கடல் வழியாக ஐரோப்பாவுக்குள் போகிறது. உருண்டையில் இதுதான் மிகக் குறுகிய வழி, ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் என்று வைத்தால், பத்து மணித்தியாலத்துக்குள் போய்விட வேண்டும்.

ஆனால் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அந்த வேகம் கிடைக்காது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் கணக்கில் சேரும். நூல் போன வழியிலும் அப்படியே பறக்க முடியாது. அது உக்ரைனின் தென்மேற்கு மூலையைத் தொடுகிறது. 2022 பெப்ரவரியில் அந்த வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. போர் நடக்கும் இடங்களைச் சுற்றிப் போவதில் தூரம் கூடுகிறது, ஆனால் உயிரைவிட அந்த அரை மணித்தியாலம் பெரிதில்லை.

அப்புறம் காற்று. காலிமுகத்திடலில் பட்டம் விட்டவர்களுக்கு, கடற்காற்று நூலை இழுக்கும் விசை கைக்குத் தெரியும். பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. பல நாட்களில் அதன் வேகம் மணிக்கு 150 கிலோமீற்றரைத் தாண்டும். லண்டனுக்குப் போகும் விமானம் அதை எதிர்த்துப் போகிறது, திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுகிறது. அதனால் திரும்பும் பயணம் பெரும்பாலும் அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ குறையும்.

ரொறன்ரோவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர், நடுவில் எங்காவது விமானம் மாற வேண்டும். நேர வித்தியாசம் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை.

[திரையில்: தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிய தாள்.]

வீட்டில் காத்திருப்பவருக்கு இப்படி எழுதிக் கொடுங்கள்: “இறங்குவது நம் நேரம் நள்ளிரவு 12.15. குடிவரவு வரிசை, பெட்டி எடுப்பது எல்லாம் முடிந்து போன் வர 2 மணி ஆகலாம். சாப்பிட்டுவிட்டுப் படுங்கோ.”

தங்கச்சி திரும்பி வந்தபோது டிக்கெட்டில் இரவு 8.30க்கு ஏறி மறுநாள் 11.30க்கு இறங்குவதாக இருந்தது. பார்த்தால் பதினைந்து மணித்தியாலம், பறந்தது பத்தரை. அம்மம்மாவின் தாளில் ஒரே ஒரு வரிதான் எழுதினேன்: “காலை 11.30, கட்டுநாயக்க, நம்ம மணிக்கூடு.”