சைபருக்கு அந்தப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கமுங்க. 32 வருசம் பஞ்சாயத்து யூனியன் ஸ்கூல்ல டீச்சரா இருந்துட்டு இப்ப ரிட்டயர் ஆகி ஊட்ல உக்காந்திருக்கறவ நானு. கெட்டிக்காரக் கொழந்தைகளப் பத்தி பெத்தவங்க பெருமையாப் பேசிக்கறதப் பத்தி ரேடியோவுல நாலு வார்த்தை பேசுங்கன்னு கூப்புட்டாங்க. பேப்பர்ல எழுதிட்டு வந்தேன், ஆனா எழுதுனபடி பேச எனக்கு எப்பவுமே வராது, பாக்கலாம்.

சாயங்காலம் பெல் அடிச்சதும் கேட்டுக்கிட்ட நிக்கற அம்மாக்கள்ல ஒருத்தங்க மட்டும் மத்தவங்க எல்லாம் போகட்டும்னு ஒதுங்கி நிப்பாங்க. ஊட்ல ஏதோ பிரச்சனை போலன்னு நான் நெனப்பேன். கிட்ட வந்து அக்கம்பக்கம் பாத்துட்டு கொரலத் தாழ்த்தி, "ஏனுங் டீச்சர், நேத்து எம்பட பையன் ஒண்ணு பண்ணுனானுங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. பாத்தா அவன் தப்பு ஒண்ணும் பண்ணிருக்க மாட்டான், வயசுக்கு மீறுன ஏதோ ஒண்ண யோசிச்சிருப்பான், அவ்வளவுதான். பெத்தவளுக்கு அது சந்தோசம், ஆனா சொல்றது என்னமோ போலீஸ்ல எழுதிக் குடுக்கற மாதிரி!

ஏன் அப்படின்னா, சொல்றதுக்கு ஆளில்லீங்க. மூணு வயசுப் பையன் ஒருத்தன், அவங்கம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேலை. ஊட்ல கெடந்த பனியன எடுத்து கழுத்துப்பட்டில இருக்கற லேபிள வாசிக்கறான், எம், எல், எக்ஸெல் மட்டும் இல்ல, எப்படித் தொவைக்கோணும்னு பொடி எழுத்துல போட்டிருக்குமே, அதையும். ஆரும் சொல்லிக் குடுக்கல. மாமியார்கிட்ட சொல்லிருக்காங்க, அவங்க "வெளிய மூச்சு விடாத, கண்ணு பட்டுரும்"னு அன்னிக்குப் பொழுதோடவே உப்பும் மொளகாயும் சுத்திப் போட்டுட்டாங்க. வேலை செய்யற எடத்துல பக்கத்து டேபிள் அக்காகிட்ட சொன்னதுக்கு, "எல்லாப் புள்ளைகளும் இப்ப போனப் பாத்துப் பாத்து அப்படித்தான் இருக்குது"ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிச்சாம். புருசன்கிட்ட சொன்னா, நைட் சிப்டு முடிச்சு வந்த மனுசன், ம்ம் ம்ம்னுட்டே தூங்கிட்டாரு. கடைசில எங்கிட்ட வந்து சேந்தாங்க. அவங்க சொல்லச் சொல்ல மூஞ்சில அப்படி ஒரு வெளிச்சம், என்னத்தச் சொல்ல. நம்மாளுக பெருமை பேசறவங்களப் பீத்தல்னு சொல்லிடறோம், சித்த நேரம் காது குடுத்துக் கேக்கறதுல நமக்கு என்ன கொறஞ்சு போகுதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலீங்க.

அதுக்காக நான் ரொம்ப யோக்கியம்னு நெனச்சுக்காதீங்க. என்ற பொண்ணு நாலு வயசுல எங்கூருக்குள்ள வர்ற அத்தனை பஸ்சோட நேரமும் மனப்பாடமாச் சொல்லுவா. ஊட்டுக்கு ஒறம்பரை வந்தாப் போதும், காப்பித்தண்ணி வெக்கறதுக்கு முன்னாடி, "கண்ணு, கோபி வண்டி எத்தனை மணிக்கு? ஈரோட்டுக்கு கடைசி வண்டி எப்போ?"ன்னு நான் ஆரம்பிச்சுருவேன். அவளும் சொல்லுவா, அவங்க "அடேயப்பா"ம்பாங்க, எனக்குத் தல கால் புரியாது. ஒரு நாள் எங்க நங்கை வந்திருந்தாங்க, புள்ளையக் காணோம். தேடுனா பொடக்காலில தொவைக்கற கல்லுக்குப் பின்னாடி உக்காந்திருக்கா. ஏஞ்சாமின்னு கேட்டேன், "அம்மா, எனக்கு இன்னிக்கு லீவு"ங்கறா. பொக்குனு போச்சுங்க எனக்கு. அதுக்கப்பறம் ஒரு வருசம் போல அவ புதுசா எதக் கண்டுபுடிச்சாலும் எங்கிட்ட சொல்றதில்ல, அவங்க அப்பாருகிட்ட மட்டும் போய் காதுல சொல்லுவா. கண்ணபுரம் சந்தைல மாட்டோட வாயத் தொறந்து பல்லப் புடிச்சுக் காட்டுவாங்க பாருங்க, அதத்தான் நான் பண்ணீட்டிருந்திருக்கேன்.

இப்ப வர்ற பெத்தவங்க வேற மாதிரி. டீச்சர், புத்திக்கூர்மைய அளக்கற ஐக்யூ டெஸ்ட் எந்த எடத்துல எடுப்பாங்க, 130க்கு மேல வந்தா என்ன பண்றதுன்னு கேக்கறாங்க. எடுக்கறதுன்னா எடுங்க, நான் வேண்டாங்கல. ஆனா அமெரிக்காவுல டெர்மன்னு ஒரு சைக்காலஜிக்காரர் 1921லயே கலிபோர்னியா ஸ்கூலுகள்ல சலிச்செடுத்து, ஐக்யூ எச்சா இருக்கற கொழந்தைகன்னு 1,500 பேருக்கு மேல பொறுக்கி, அவங்க பெரியவங்களாகற வரைக்கும் வருசக்கணக்கா தொடர்ந்து பாத்தாரு. அந்தப் பொறுக்குன கூட்டத்துல ஒருத்தருமே நோபல் பரிசு வாங்கல. ஆனா மார்க் பத்தலைன்னு கழிச்சு உட்ட பையனுகள்ல ரெண்டு பேரு பின்னாடி வாங்கிட்டாங்க. அதுல ஒருத்தர் ஷாக்லி, டிரான்சிஸ்டருக்காக 1956ல நோபல் வாங்குன மூணு பேர்ல ஒருத்தர். தோட்டத்துல மோட்டார் ரூம்ல டிரான்சிஸ்டர மாட்டி வெச்சுட்டு இதக் கேட்டுட்டிருக்கறவங்க இருந்தா, உங்க கைல இருக்கறதே கழிச்சு உட்ட பையனோட சாமான்தாங்க.

நம்ம ஈரோட்டயே எடுத்துக்கங்களேன். கணித மேதை ராமானுஜன் கும்பகோணத்துக்காரர்னு எல்லாரும் சொல்லுவாங்க, வளந்தது அங்கதான், ஆனா பொறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்ல அவங்க அம்முச்சி ஊட்ல. மூணு வயசு வரைக்கும் அந்தக் கொழந்தை சரியா வாய் தொறந்து பேசலையாம். அந்தத் தாய் எத்தனை வெசனப்பட்டிருப்பாங்க! அப்பறம் பத்து வயசுல ஜில்லாவுலயே மொத மார்க்கு, அதோட நிம்மதின்னு நெனச்சா, காலேஜ்ல கணக்கத் தவிர மத்ததெல்லாம் கோட்டை உட்டு ஸ்காலர்ஷிப்பும் போச்சு. இதுல எந்த வருசம் அந்தம்மா பெருமை பேசிருப்பாங்க, எந்த வருசம் வாய மூடிட்டு இருந்திருப்பாங்கன்னு நான் அப்பப்ப யோசிப்பேன்.

சரி, நான் சொல்ல வந்தது வேற ஒரு அம்மாவப் பத்தி. சென்னிமலைப் பக்கம், தறிக்காரர் ஊடு, பேரு வேண்டாம். அவங்க பொண்ணு எங்கிட்ட ஒண்ணாங்கிளாஸ். ஒரு நாள் சிலேட்ல ஒரு நீளக் கோடு போட்டு நடுவுல சைபர் எழுதிருந்தா. சோத்துக்கைப் பக்கம் 1, 2, 3. சரி, எல்லாக் கொழந்தையும் எழுதறதுதான். பீச்சாங்கைப் பக்கமும் 1, 2, 3. "இது என்ன கண்ணு"ன்னு கேட்டேன். "டீச்சர், சைபருக்கு இந்தப் பக்கம் இருக்கறது எங்கூட்டுது, அந்தப் பக்கம் இருக்கறது மொதலாளிது"ன்னா. ஆறாங்கிளாஸ்ல வர்ற மைனஸ் நம்பர் பாடமுங்க அது! நான் சாக்பீஸக் கீழ வெச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

சாயங்காலம் அவங்கம்மா வந்தாங்க. நான் கொட்டித் தீக்கலாம்னு ஆரம்பிச்சா, அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது. சனிக்கெழமை வாரக் கணக்கு பாக்கறப்ப புள்ள பக்கத்துல உக்காந்து பாத்திருக்கா. வாரக் கூலி 2,400, ஆஸ்பத்திரி செலவுக்கு மொதலாளிகிட்ட வாங்குனது 3,000, ஆக 600 நிக்குதுன்னு அப்பா சொல்ல, "அப்ப நம்ம காசு சைபருக்கும் கீழ போயிருச்சா, எவ்வளவு தூரம் வரைக்கும் போவும்?"ன்னு கேட்டிருக்கா. "எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சுங்க டீச்சர், ஆனா ஆருகிட்டப் போய்ச் சொல்றது? புள்ள கேட்டதச் சொன்னா கடனையும் சேத்துல்ல சொல்லோணும்"னாங்க. சொல்லிட்டு முந்தானைல மூஞ்சியத் தொடச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. அந்த சிலேட்ட ரெண்டு நாள் அழிக்காம அலமாரில வெச்சிருந்தேன், அப்பறம் சிலேட்டு வேணும்னு புள்ள அழுதா, குடுத்துட்டேன்.

அந்தப் பொண்ணு எட்டாவதுல என்.எம்.எம்.எஸ்ங்கற ஸ்காலர்ஷிப் பரிட்சை பாஸ் பண்ணி, ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் வருசம் 12,000 ரூவாய் வாங்குனா. கவர்மெண்ட் ஸ்கூல்ல படிக்கற புள்ளைக ஊட்ல இருந்தா, அந்தப் பரிட்சையப் பத்தி ஸ்கூல்ல போய் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, நெம்பப் பேருக்குத் தெரியறதே இல்ல.

போன மாசம் சென்னிமலை பஸ் ஸ்டாண்டுல அந்தம்மாவப் பாத்தேன். அவங்க ஊட்டுக்காரர் தறி அட்வான்ஸ ஒரு வழியா முடிச்சுட்டு பெருந்துறை சிப்காட்ல வேலைக்குப் போறாராம். பொண்ணு காலேஜு. "இப்ப ஒண்ணும் நிக்கலீங்க டீச்சர்"னாங்க. வண்டி வந்துருச்சு, ஒரே கூட்டம், அவங்களுக்கு முன்னாடி சீட்டு, எனக்குப் பின்னாடி. பக்கத்துல உக்காந்திருந்தது ஆரோ முன்னப் பின்ன தெரியாத ஆத்தா, மடில கீரைக்கட்டு. வெள்ளோடு தாண்டறதுக்குள்ள அந்தம்மா வாரக் கணக்கு, ஆஸ்பத்திரி, 600 ரூவாய், சைபர், எல்லாத்தையும் அந்த ஆத்தாகிட்ட ஒண்ணு உடாம சொல்லிட்டு வர்றாங்க, அதும் வண்டிக்கே கேக்கற மாதிரி. நான் பின்னாடி இருந்து கேட்டுட்டே வந்தேன். அந்த ஆத்தா, "அப்பறம் புள்ள என்ன கேட்டுச்சு?"ன்னு ரெண்டாந்தடவையும் கேட்டுச்சுங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டறாங்க, நேரம் ஆயிருச்சாம். வரனுங்க.