அட்டையில் ஒரு பெயர், உள்ளே ஐந்து பேர்

(பெரம்பூரில் வாசகர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். 'சிறு பதிப்பகம் நடத்துவது எப்படி' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அதற்கு வருகிறேன். முதலில் ஏழுகிணற்றுக்குப் போய்விட்டு வருவோம்.

அங்கே வீராசாமிப் பிள்ளை தெருவில் வள்ளலார் வாழ்ந்த வீடு இருக்கிறது. பலர் பார்த்திருப்பீர்கள். அவர் பாடல்கள் 1867-இல் திருவருட்பாவாக அச்சில் வந்தன. அது வந்த கதையைப் படித்தால், இன்றைக்கு ஒரு பதிப்பகத்தில் நடக்கிற அத்தனையும் அதில் இருக்கிறது. பாடல்களை அச்சுக்குக் கொடுக்க அவருக்கு மனமில்லை. அவருடைய அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார் விடவில்லை. பாடல்கள் கைக்கு வரும்வரை ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்துவிட்டார். எழுத்தாளர் வீட்டு வாசலில் பிரதிக்காகக் காத்துக்கிடக்கிற எங்களுக்கு அவர்தான் குலதெய்வம். வள்ளலாரின் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களைத் திருமுறைகளாகப் பகுத்தார். எடிட்டிங் என்று நாம் சொல்வது அதைத்தான். செலவுக்கு மயிலை சோமசுந்தரச் செட்டியார் கைகொடுத்தார்.

அப்புறம் பெயர்ப் பிரச்சினை. 'இராமலிங்கசாமி' என்று போடுவது ஆரவாரமாகத் தெரிகிறது, வேண்டாம் என்று வள்ளலாரே கடிதம் எழுதினார். சரி என்று வேலாயுத முதலியார் என்ன போட்டார் தெரியுமா? 'திருவருட்பிரகாச வள்ளலார்'! ஆரவாரம் வேண்டாம் என்றவருக்கு அதைவிடப் பெரிய பெயர். நாம் இன்றும் அவரை அந்தப் பெயரால்தான் அழைக்கிறோம். எழுத்தாளர் பேச்சைப் பதிப்பாசிரியர் கேட்காமல் போவது எப்போதும் தப்பாகிவிடாது என்பதற்கு இதைத்தான் நான் சாட்சிக்கு அழைப்பேன்.

ஆக, நம் வடசென்னைக்குப் பதிப்புத் தொழில் புதிதில்லை. ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடம் தங்கசாலையில் இருந்தது. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களைக் கொண்டித்தோப்பிலிருந்து இரத்தின நாயகர் நிறுவனம் ஊர் ஊராக அனுப்பியது. இன்றைக்கும் காகிதம் வாங்க ஆண்டர்சன் தெருவுக்குத்தான் போகிறோம்.

இப்போது எங்கள் கதை. நாங்கள் ஐந்து பேர். இதை மட்டும் நம்பிப் பிழைப்பவர் யாரும் இல்லை. மெய்ப்பு, அதாவது புரூஃப், பார்ப்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார். காசிமேட்டு இளைஞர் ஒருவரின் சிறுகதைகள் வந்தபோது, 'வந்துகினு', 'இட்டுகினு' எல்லாவற்றையும் 'வந்துகொண்டு', 'அழைத்துக்கொண்டு' என்று திருத்திவிட்டார். மீன் ஏலம் எடுக்கிற அம்மா மேடைத் தமிழ் பேசினாள். ஐயாவிடம் எங்கள் எடிட்டர் மல்லுக்கட்டித்தான் மீட்டார். ஆனால் ஐயா கேட்ட ஒரு கேள்வி நியாயமானது: ஒரே ஆள் ஒரு பக்கத்தில் 'துண்ணு' என்றும் இன்னொரு பக்கத்தில் 'தின்னு' என்றும் பேசலாமா? உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம், எந்தப் பாத்திரம் எந்தச் சொல்லை எப்படிச் சொல்லும் என்று. அந்தப் பட்டியல்தான் எங்கள் ஆபீசின் சொத்து.

லேஅவுட் செய்யும் பெண்ணின் வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. டெமி என்கிற புத்தக அளவில் ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சடித்து மடிக்கிற தொகுதி, 16 பக்கம். பத்து ஃபாரம் என்றால் 160. புத்தகம் 163-இல் போய் நின்றால் அந்த மூன்று பக்கத்துக்காக வரிக்கு வரி இறுக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்தாளரிடம் ஒரு பத்தியை வெட்டச் சொல்ல வேண்டும். இரண்டாவதை யாரும் விரும்புவதில்லை, என்னை அனுப்பிவிடுவார்கள்.

ஓவியர் வியாசர்பாடிக்காரர். வடசென்னைக் கதை என்றாலே பாக்சிங் கிளவுஸ், கிரேன், கரும்புகை, கையில் கத்தி! அட்டைக்கு இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், எழுத்தாளர்கள் உட்பட. அவர் வரைய மாட்டார். "எங்க தெருவுல டியூஷன் சென்டரும் இருக்குது சார்" என்பார். நான் அவர் பக்கம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. 200 ரூபாய்ப் புத்தகத்தில் கடைக்காரர் கழிவு 35 சதவீதம் என்றால் 70 ரூபாய் போய்விடும். எழுத்தாளருக்குப் பத்து சதவீதம், 20 ரூபாய். மிச்சம் 110-இல் காகிதம், அச்சு, பைண்டிங், இந்த ஐந்து பேர். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லையே என்பீர்கள். காகிதத்துக்கு உண்டு, விற்கும்போது வரி வாங்காததால், கட்டியதைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. முந்நூறு பிரதி அச்சடிக்கிற எங்களுக்கு அச்சகத்தில் சலுகையும் கிடையாது. இந்த நெருக்கடியில் பலர் முதலில் வெட்டுவது மெய்ப்புக் கூலியையும் எடிட்டர் கூலியையும்தான். நாங்கள் தாளின் தரத்தை ஒரு படி குறைத்தாலும் அதில் கைவைப்பதில்லை. ஐந்து பேரின் பெயரையும் இரண்டாம் பக்கத்தில் போடுகிறோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பது, வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பிரதிகள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன. கழிவு மட்டும் கேட்காதீர்கள், கணக்கை இப்போதுதான் சொன்னேன்.