வேலைக்கு வந்தவர்களும் நம் வார்டும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று வங்காளியில் கேட்டால், நம் ஆட்டோக்காரர்களில் பலர் வங்காளியிலேயே வாடகை சொல்லுவார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் போர்டுகளில் வங்காள எழுத்து இருக்கிறது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். கூட வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவதற்கு அறையும் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கின்றன. இதற்கெல்லாம் யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பிழைப்புக்கு வேண்டியிருந்தது, ஊர் கற்றுக்கொண்டது.

இதே வடமாநிலங்களிலிருந்து இன்னொரு கூட்டமும் இங்கே வருகிறது. கட்டட வேலைக்கு, ஓட்டல் வேலைக்கு, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைக்கு, ஷூ கம்பெனிக்கு. இவர்கள் நம்மிடம் பணம் செலவழிக்க வரவில்லை, உழைக்க வருகிறார்கள். நோயாளியின் அண்ணனுக்காக வங்காளி கற்றுக்கொண்ட ஊர், நான்காவது மாடியில் சாரத்தில் நிற்கும் கொத்தனாருக்காக அவருக்குப் புரியும் எழுத்தில் ஓர் அறிவிப்புப் பலகைகூட வைப்பதில்லை. இது எனக்குப் பெரிய மனவருத்தம். வாடிக்கையாளருக்குச் செய்ததை வேலையாளுக்கும் செய்ய வேண்டும், அதை வார்டு அளவில் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் அரசுத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்த சமயம். வேலை செய்பவர்களுக்குத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து எட்டு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் காம்பவுண்டு கம்பி வழியாக வகுப்பைப் பார்த்துக்கொண்டே நிற்கும். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். பீகார்க்காரர்கள். எங்கள் பள்ளியில் படித்த ஒரு பையனுடைய அம்மா, வீட்டில் உருது பேசுகிறவர், என்னோடு கொட்டகைக்கு வந்தார். அந்தத் தகப்பனார் முதலில் கேட்டது, "எவ்வளவு பணம் கட்ட வேண்டும்?" அடுத்தது, "ஊரிலிருந்து டி.சி. வாங்கி வரவில்லையே."

பணம் வேண்டாம். டி.சி. இல்லையென்றாலும் சேர்க்க வேண்டும், வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை எந்தக் குழந்தையானாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கிய பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். இதை விளக்கிச் சொன்னோம். தலையாட்டினார். ஆனாலும் குழந்தை வரவில்லை. காரணம் அந்தத் தம்பி. அவள் பள்ளிக்கு வந்தால் அவனை யார் பார்ப்பது? அங்கன்வாடி டீச்சரிடம் பேசி அவனை அங்கே சேர்த்த பிறகுதான் அக்கா மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். ஆக, அவளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது அங்கன்வாடிதான். கட்டட வேலை நடக்கும் இடங்களை வார்டில் கணக்கெடுத்து, ஒவ்வொன்றையும் பக்கத்து அங்கன்வாடியோடு சேர்த்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது என்பேன். 2022-இல் வந்த காலை உணவுத் திட்டமும் இங்கே கைகொடுக்கிறது. விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு, பிள்ளை பள்ளியில் சாப்பிட்டுவிடும் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

அடுத்த வருஷமே கட்டடம் முடிந்து அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. போகும்போது மூன்றாம் வகுப்பு படித்ததற்கான டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பினோம். இன்னொரு ஊரில் இன்னொரு தலைமையாசிரியர் முன்னால் நிற்கும்போது அந்தத் தாள் பேசும்.

ரேஷன் விஷயத்துக்கு வருவோம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பீகாரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கார்டு வைத்திருப்பவர் வேலூர் சத்துவாச்சாரி ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்து அரிசி வாங்கலாம். தன் பங்கை இங்கே வாங்கிக்கொள்ள, மீதியை ஊரில் இருக்கும் குடும்பம் அங்கேயே வாங்கலாம். இது தெரிந்த தொழிலாளி குறைவு. தெரிந்து கடைக்கு வருகிறவரிடம் "உனக்கு இங்கே கிடையாது, போ" என்று வரிசையில் நிற்கும் நம் ஆட்களே சொல்லிவிடுவதும் உண்டு. கடைக்கு வெளியே இந்தியில் நாலு வரி எழுதி ஒட்ட என்ன செலவாகும்? கட்டடத் தொழிலாளர் நல வாரியத்திலும் வெளிமாநிலத்தவர் பதிவு செய்யலாம். அதையும் மேஸ்திரிகள் சொல்வதில்லை.

இதையெல்லாம் கவுன்சிலர்கள் ஏன் கையில் எடுப்பதில்லை என்றால், வந்தவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. நல்ல ஏற்பாடு. ஆனால் அது வாக்காளர்களின் சபை. தகரக் கொட்டகைக்குத் தண்ணீர் வரவில்லை, கழிப்பறை இல்லை என்று அங்கே எழுந்து சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். குடியிருப்போர் நலச் சங்கங்களும் மகளிர் குழுக்களும் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். கொட்டகைக்காரர்களின் சாக்கடை நம் தெருச் சாக்கடைதானே.

நம் பகுதிக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு எல்லாவற்றிலும் வீட்டில் உருது பேசுகிற குடும்பங்கள் ஏராளம். பீகார், ஜார்க்கண்ட் ஆள் பேசும் இந்தி அவர்களுக்குப் புரியும், அவர்கள் பேசுவது அவருக்குப் புரியும். தடுப்பூசி போடும் நாளில் செவிலியருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு அக்கா உட்கார்ந்தால், "பென்டா தடுப்பூசி எத்தனை தடவை போட்டாய், ஊரில் கொடுத்த அட்டை எங்கே" என்று கேட்டு வாங்கிவிடலாம். ஜமாத்துகளும் கல்லூரி மாணவர்களும் மனம் வைத்தால் வார்டுக்கு இரண்டு பேர் கிடைக்க மாட்டார்களா? கேரளத்தில் எழுத்தறிவு இயக்கம் 2017-இல் பெரும்பாவூரில் தொடங்கி, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்றுக்கொடுத்தது. நாமும் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டுத் தமிழ் சொல்லிக்கொடுக்கலாம். "கூலி பாக்கி இருக்கு", "அடிபட்டுடுச்சு", "டாக்டரைக் கூப்பிடுங்க" என்பதிலிருந்து தொடங்கினால் போதும்.

2023 மார்ச் மாதம் நினைவிருக்கும். வடமாநிலத்தவர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, எத்தனையோ பேர் பயந்து மூட்டை கட்டினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துவிட்டுப் போனது. அந்தப் பயத்தில் ஒருவர் போன் செய்து "அண்ணே, உண்மையா?" என்று கேட்க, இந்த ஊரில் ஒரு ஆள் பழக்கமாகி இருந்திருக்க வேண்டும். மேஸ்திரியைத் தவிர யாரையும் தெரியாமல் வைத்திருந்தது நம் குறைதான்.

வந்தவர்கள் நமக்குப் புதிதும் இல்லை. இலங்கையில் கண்டியின் கடைசி மன்னரை 1816-இல் வெள்ளைக்காரர்கள் கைதியாகக் கொண்டுவந்து வைத்தது நம் வேலூர்க் கோட்டையில்தான். 1832-இல் இங்கேயே இறந்தார், பாலாற்றங்கரையில் அவர் நினைவாக முத்து மண்டபம் நிற்கிறது. 1983-க்குப் பிறகு அதே இலங்கையிலிருந்து தமிழர்கள் அகதிகளாக வந்தார்கள். வேலூர் பக்கத்து மேல்மொணவூர் அகதி முகாமில் 2021 நவம்பரில் முதலமைச்சர் புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். அந்த முகாம்களில் பிறந்து நம் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு இன்னும் குடியுரிமை கிடைக்காத கவலை இருக்கிறது. அது டெல்லி தீர்க்க வேண்டியது, அதற்கும் நாம் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம்மவர்களும் போனவர்கள்தான். வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போன தாத்தாக்கள் பல வீடுகளில் உண்டு. சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீட்டில் அவர்கள் பட்ட பாட்டைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

வீடு வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிமாநிலக் குடும்பம் குடிவந்தால் ஆதார் நகலும் அட்வான்சும் வாங்குகிறீர்கள், சரி. கூடவே, வீட்டில் ஆறு வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிறதா, யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் உங்கள் தெரு அங்கன்வாடி டீச்சரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

வணக்கம்.