நடுவில் நின்று ஒரு சாட்சி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மூன்று வாரமாக வீடியோ போடவில்லை. இப்போதும் மொட்டைமாடியில் துணி காயப்போட வந்த இடத்தில் நின்றுதான் பேசுகிறேன். பின்னால் தொங்கும் படுக்கை விரிப்புகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு மட்டும் நான்கு.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம் ஆகிறது. அறுவை சிகிச்சை நடந்தது, நடை திரும்பவில்லை. பார்க்க வருகிறவர்கள் ஜெபித்துவிட்டு, "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று வசனம் இருக்கிறதே" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். எனக்குத்தான் எரியும். முகம் வாடியிருப்பதற்கும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

அந்தக் கோபத்தோடே ஒரு நாள், அந்த வசனம் வருகிற பிலிப்பியர் நிருபத்தை, அதாவது பவுல் அப்போஸ்தலன் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தை, முதலிலிருந்து வாசித்தேன். நான்கே அதிகாரம்; சோறு வேகும் நேரத்தில் முடிந்துவிடும். பவுல் அதைக் காவலில் இருந்தபடி எழுதினார் என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் கவனிக்காமல் தாண்டிப்போனது இரண்டாம் அதிகாரத்தை. உடன் இருந்த எப்பாப்பிரோதீத்து சாகக்கிடந்து பிழைத்ததைச் சொல்லும்போது, "துக்கத்தின்மேல் துக்கம்" தனக்கு வராதபடி தேவன் இரங்கினார் என்கிறார். அப்படியென்றால் முதல் துக்கம் அவரிடம் ஏற்கெனவே இருந்திருக்கிறது! அதை மறைக்காமல் எழுதிவிட்டுத்தான் நான்காம் அதிகாரத்தில் "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்கிறார்.

எங்கள் திருநெல்வேலிச் சீமையிலேயே இன்னொருவர் இருந்தார், அயர்லாந்திலிருந்து வந்து டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார். 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் டோனாவூரில் தன் அறையும் கட்டிலும்தான். நோயாளிகளுக்கென்று சுகமாக இருப்பவர்கள் எழுதிய ஆறுதல் கைப்பிரதிகள் அவருக்கும் வந்தன. அவை தனக்கு உதவவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு, நோயாளி நோயாளிக்கு எழுதுவதாக அவரே எழுத ஆரம்பித்தார். இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய நிம்மதி. அவருக்கே அப்படி என்றால் நான் எம்மாத்திரம்!

தேவன் செய்த நன்மையை எல்லார் முன்னும் சொல்வதைத்தான் சாட்சி என்கிறோம். நம் சபைகளில் அதை எப்போது சொல்கிறோம்? கடன் அடைந்த பிறகு, ஸ்கேன் ரிப்போர்ட் நல்லபடியாக வந்த பிறகு. இன்னும் கஷ்டம் தீராத நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். அதனால்தான் இன்று, எதுவும் முடியாத நேரத்தில் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை விடியற்காலை மூன்று மணி. விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். வலியை மறக்க அம்மா ஒரு கீர்த்தனையைத் தொடங்கினார். முதல் அடி சரியாக வந்தது, இரண்டாவது மறந்துவிட்டது. எனக்கும் ஞாபகம் இல்லை. ராகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் போட்டு இரண்டு பேரும் முழுக் கீர்த்தனையையும் பாடி முடித்தோம். "ஐயர் கேட்டிருந்தால் நம்மைக் கோயில் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்" என்றார் அம்மா. (ஐயர் என்றால் எங்கள் சபைப் போதகர்.) சிரிப்பில் விரிப்பு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. வலி குறையவில்லை, பத்து நிமிடத்தில் மாத்திரை கேட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு நான் வரவழைத்தது இல்லை. அந்த நேரத்தில் என்னிடம் அதற்குத் தெம்பே கிடையாது. யார் தந்தது என்று எனக்குத் தெரியும்.

கேட்கிறதா, கீழே மணிச் சத்தம்? அம்மா கையில் ஒரு பித்தளை மணி கொடுத்திருக்கிறேன். இரண்டு தடவை அடித்தால் தண்ணீர். நிறுத்தாமல் அடித்தால்... ஆம், ஐந்தாவது விரிப்பு. வருகிறேன்.